தொழில் நிலம் – 17: வள்ளியம்மாளின் பேரன்

சென்ற அத்தியாயத்தை ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்ட 2014 நவம்பரில் நிறுத்தியிருந்தோம். அந்த ஆலையில் வேலை பார்த்த பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். இந்த வாரத்தை ஒரு பாட்டுக்காரருக்குக் கொடுக்கிறேன். ஹூண்டாய் எப்போது வந்தது, ரெனோ நிசான் எத்தனை ஏக்கரில் நிற்கிறது என்று பதினாறு வாரமாக எழுதியாயிற்று. இந்த ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் தலைமுறை தன்னைப் பற்றி என்ன பாடியது என்பதையும் எழுதாவிட்டால் இந்தத் தொடர் குறையுள்ளதாகிவிடும்.

அவர் பெயர் அறிவு. முழுப்பெயர் அறிவரசு கலைநேசன். ஊர் அரக்கோணம்.

அரக்கோணத்துக்கும் ஒரகடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் கேட்கமாட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து புறப்படும் ரயில் வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழியாக அரக்கோணத்துக்குத்தான் போகிறது. அந்தப் பாதையின் இரு பக்கத்து ஊர்களிலிருந்தும் கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று பிரிகின்றன. காலை ஷிப்டு என்றால் இருட்டோடு எழுந்து ஸ்டாப்பிங்கில் நிற்க வேண்டும். கழுத்தில் ஐடி கார்டு, தோளில் பை, காதில் இயர்போன். பல கம்பெனிகளில் போனை லைனுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். பாட்டு கேட்க வாய்ப்பது பஸ்ஸில் போகிற, வருகிற நேரம்தான். அந்த நேரத்தில் கேட்கப்படும் பாட்டுகளில் ஒன்று, 2021-ல், அந்தப் பஸ்ஸில் இருப்பவர்களின் பாட்டிகளைப் பற்றியதாக அமைந்தது. அதற்கு முன் இந்த நிலத்தில் அப்படி நடந்ததில்லை.

இதைச் சொல்ல 130 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

இந்தத் தொடரின் தொடக்கத்தில் ட்ரெமென்ஹீர் பெயர் வந்தது நினைவிருக்கலாம். ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர். 1891-ல் அவர் தன் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். அதில் என்னை உலுக்கிய செய்தி கூலியைப் பற்றியது கிடையாது. குடிசை போட்டிருக்கும் மனைகூட மிராசுதாரின் நிலம் என்பதுதான். எதிர்த்துப் பேசினால் வேலை மட்டும் போகாது, இருக்கிற இடமும் போகும். அந்த அறிக்கையின் விளைவாக 1892-ல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அப்படிப் பிறந்ததுதான். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஒடுக்கப்பட்ட மக்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. கைமாறியது. மீட்கப் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் அதில் உயிரிழந்தார்கள். ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டியது 1996-ல். இரண்டு தேதிகளுக்கும் நடுவே இரண்டே ஆண்டுகள்.

நிலமில்லாதவர்களில் ஒரு பகுதியினர் கடல் தாண்டினார்கள். கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் பிடித்தார்கள்; இலங்கை மலையகத்தில் முதலில் காப்பி, பிறகு தேயிலை. மூன்று நான்கு தலைமுறை அங்கே உழைத்தவர்களை 1948-ன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் இன்னொரு ஒப்பந்தம் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டது. எங்கே போக விருப்பம் என்று தோட்டத்து லயன்களில் இருந்தவர்களை யாரும் கேட்டுக் கையெழுத்திடவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக அவர்கள் தமிழ்நாட்டுக்குள் சிதறினார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்து, இங்கே மறுபடி கூலி வேலையில் வாழ்க்கையைத் தொடங்கிய பெண்களில் ஒருவர் வள்ளியம்மாள். அறிவின் பாட்டி.

அறிவின் பெற்றோர் ஆசிரியர்கள். அறிவொளி இயக்கத்தில் பங்கெடுத்தவர்கள். 1990-களின் தொடக்கத்தில் அந்த இயக்கம் எழுத்துச் சொல்லித்தந்த விதம் இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. பகலெல்லாம் வயலில் நின்ற பெண்கள் இரவு தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து சிலேட்டில் எழுதினார்கள். பாட்டும் நாடகமும் பாடத்துக்கு முன்னால் வந்தன. சங்கதியை மெட்டில் வைத்துச் சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் அது போய்ச் சேரும் என்பதை ஒரு பிள்ளை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தது என்றால், பிற்பாடு அவர் ராப் பாடியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த இசைக்கு அமெரிக்கப் பள்ளியைத் தேடுகிறவர்கள் அறிவொளியை மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்கப் பள்ளியும் உண்டுதான். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூவின் 1520-ஆம் எண் குடியிருப்பில் டிஜே கூல் ஹெர்க் தன் தங்கையின் விருந்துக்குத் தட்டுகளைச் சுழற்றியதை ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பிராங்க்ஸின் நடுவே விரைவுச்சாலை போட்டு வீடுகளை இடித்திருந்தார்கள். ஆலை வேலைகள் வெளியேறிக்கொண்டிருந்தன. வேலை போன ஊரில் பிறந்த இசை அது. நம் வட்டாரக் கதை தலைகீழ். இங்கேயும் நெடுஞ்சாலை வந்தது. ஆனால் கூடவே ஆலைகளும் வந்தன. வேலை வந்த பிறகும் காண்ட்ராக்ட், ட்ரெயினி, அப்ரண்டீஸ் என்று நிரந்தரம் மட்டும் வரவில்லை. பெயர்ப்பலகையில் உலக நிறுவனம், சம்பளச் சீட்டில் யாரோ ஒரு காண்ட்ராக்டர். கங்காணியை அறிந்த குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை.

தமிழ் ராப்பின் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ 2006-ல் வந்தது. கோவையிலிருந்து ஹிப்ஹாப் தமிழா வந்து அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார்கள். இவர்களிடம் தமிழ்ப் பெருமை இருந்தது, துள்ளல் இருந்தது. சாதியைப் பற்றியும் கூலியைப் பற்றியும் நேராகப் பேசும் பாட்டு அப்போது அதிகம் இல்லை.

ஆலையைப் பற்றி நேராகப் பேசிய ராப், சென்னைக்காரர் சோபியா அஷ்ரஃபுடையது. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசக் கழிவு அம்பலமானதும் 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் இழப்பீட்டுக்காகப் பதினாலு ஆண்டுகள் அலைந்தார்கள். 2015 ஜூலை இறுதியில் சோபியா பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ வெளிவந்து உலகெங்கும் லட்சக்கணக்கில் பார்க்கப்பட்டது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு மட்டுமே அதைச் சாதித்தது என்று நான் எழுதமாட்டேன். தொழிலாளர்களின் நீண்ட வழக்கும் போராட்டமும் முன்னால் நின்றன. ஆனால் அந்தப் பாட்டு நிறுவனத்தின் கதவைப் பலமாகத் தட்டியது.

இனி அறிவு. கோவையில் பொறியியல் படித்தவர். அம்பேத்கரைப் படித்துக் கவிதை எழுதிக்கொண்டிருந்த இளைஞரை மேடைக்குக் கொண்டுவந்தது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. ஆவடிக்கு அருகே கர்லபாக்கத்திலிருந்து வந்த இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017-ல் உருவாக்கிய குழு அது. பெயர், அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்தது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. கானா, பறை, சட்டி, கிட்டார், டிரம்ஸ், ராப் எல்லாம் ஒரே மேடையில். இசைவாணி கானா பாடினார். ஆண்களே பாடிவந்த கானாவில் ஒரு பெண் குரல் அவ்வளவு உரக்க ஒலித்தது பெரிய விஷயம். இட ஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி, கையால் மலம் அள்ளுவதைப் பற்றி ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஆடிப் பாடினார்கள். அழுது சொல்லவேண்டியதாகவே கருதப்பட்டதை ஆடிக்கொண்டே சொல்ல முடியும் என்று காட்டியதுதான் அந்தக் குழுவின் சாதனை என்பது என் கணிப்பு.

அதே 2018-ல் வந்த ‘காலா’வில் நிலத்தை மீட்கும் பாட்டை எழுதியவர் அறிவு. படம் மும்பை தாராவியைப் பற்றியது. பாட்டின் பொருள் செங்கல்பட்டுக்கும் பொருந்தும். 2019-ல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குறள்’ ஆல்பம் கொண்டுவந்தார். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்டவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலியானவர்களில் ஒருவரான ஸ்னோலினுக்கு அதில் ஒரு பாட்டு. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டம் நடந்த 2020 ஜனவரியில் இருவரும் ‘சண்ட செய்வோம்’ வெளியிட்டார்கள். குடியுரிமைச் சட்டம் ஒன்று தன் பாட்டியின் குடும்பத்தை என்ன செய்தது என்று அறிந்தவர் எழுதிய பாட்டு அது. அதை மனத்தில் வைத்துக் கேட்டால் அதன் கோபம் வேறு மாதிரி கேட்கும்.

2021 மார்ச் 7. ‘எஞ்சாய் எஞ்சாமி’. மாஜா என்ற தளத்தின் வெளியீடு. பாடியவர்கள் தீ, அறிவு. இசை சந்தோஷ் நாராயணன். வீடியோ இயக்கம் அமித் கிருஷ்ணன்.

பாட்டைக் கேட்காதவர் யாரும் இருக்கமாட்டீர்கள் என்பதால் ஒன்றை மட்டும் சுட்டுகிறேன். அதன் அடித்தளம் ஒப்பாரி. ஒப்பாரியில் அழுகிற பெண் இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அவர் நட்டது, வளர்த்தது, கட்டியது எல்லாவற்றையும் வரிசையாக எண்ணுவாள். எல்லாம் இருக்கிறது, நீ எங்கே என்று முடிப்பாள். அந்த வரிசையை அறிவு அப்படியே எடுத்து, இறந்த ஒருவருக்குப் பதிலாக நிலமிழந்த ஒரு கூட்டத்தை அதில் வைத்தார். தோட்டத்தைப் பண்படுத்தியவர்கள் தொண்டை வறண்டு நிற்கிறார்கள் என்ற செய்தி ஒரு துள்ளல் மெட்டுக்குள் உட்கார்ந்தது. குழந்தைகள் ஆடினார்கள், கல்யாண மண்டபங்களில் ஒலித்தது, யூடியூபில் 40 கோடி தடவைக்கு மேல் ஓடியது. மலையகத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய ஒரு பாட்டியின் வாழ்க்கை தமிழில் இத்தனை பேரிடம் வேறு எந்த வடிவத்திலும் போய்ச் சேர்ந்ததில்லை.

அடுத்து நடந்ததுதான் இந்தத் தொடருக்கு முக்கியம்.

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், கனடாவின் ஈழத்தமிழ் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். பேசப்பட்ட பாட்டுகளில் ஒன்று ‘எஞ்சாய் எஞ்சாமி’. இன்னொன்று ‘சார்பட்டா பரம்பரை’யின் ‘நீயே ஒளி’. இரண்டிலும் அறிவின் எழுத்து உண்டு. அட்டையில் அறிவு இல்லை. டிஜே ஸ்னேக் செய்த ரீமிக்ஸ் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்து விளம்பரப் பலகையில் ஏறியபோதும் அவர் முகம் இல்லை. பா. ரஞ்சித் அதை வெளிப்படையாகக் கேட்டார். 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. அந்தப் பாட்டைத் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். பிரதமரும் முதலமைச்சரும் இருந்த அரங்கில் அறிவு இல்லை. சில நாட்களில் அவர் எழுதினார்: பாட்டை இயற்றியதும் எழுதியதும் பாடியதும் நானே, மெட்டோ சொல்லோ யாரும் தரவில்லை, ஆறு மாதம் தூக்கமின்றி உழைத்தேன் என்பது அதன் சாரம். சந்தோஷ் நாராயணனும் தீயும் பதில் எழுதினார்கள். மண்ணைப் போற்றும் பாட்டு என்ற எண்ணத்தைத் தீ கொண்டுவந்தார், பாட்டு மூவரின் கூட்டு உழைப்பு, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ்.

இசை எப்படிப் பிறந்தது என்பதில் நான் நீதிபதியாக உட்கார முடியாது. ஸ்டுடியோவில் மூன்று பேர் சேரும்போது எது யாருடையது என்று கோடு கிழிப்பது கடினம். சந்தோஷ் நாராயணனை வில்லனாக்கியவர்கள் அவருக்கு நியாயம் செய்யவில்லை. ஆனால் பாட்டின் உயிராக நிற்கும் அந்தக் கதை யாருடையது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அது வள்ளியம்மாளின் கதை. நிலமிழந்தவர்களைப் பற்றிய பாட்டைக் கொண்டாடிவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளையை அட்டையில் போட மறந்தது தவறு, பெரிய தவறு.

பணமாவது வந்ததா? 2024 மார்ச்சில், பாட்டின் மூன்றாம் ஆண்டில், அந்த வெளியீட்டுத் தளத்திடமிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வருமானம் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வீடியோவில் சொன்னார். கோடிக்கணக்கான செவிகளைச் சென்றடைந்த பாட்டு அது.

இப்போது சுங்குவார்சத்திரத்துக்கு வாருங்கள். அறிவின் கதையை இந்தத் தொடருக்குள் நான் கொண்டுவந்ததற்குக் காரணம் அங்கே இருக்கிறது.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்ததையடுத்து, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். அன்றுவரை அந்தப் பெண்கள் எங்கே தங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று நாட்டுக்குத் தெரியாது. அவர்கள் பூட்டிய ஐபோன் மட்டும் தெரியும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 37 நாட்கள் ஆலைக்குச் சற்றுத் தள்ளிப் பந்தலில் உட்கார்ந்தார்கள். பந்தலைப் போலீஸ் பிரித்த பிறகும் கலையவில்லை. சம்பளம் கேட்டார்கள், வேலை நேரம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் தங்கள் சங்கத்துக்குப் பதிவு கேட்டார்கள். சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ இருக்கக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது.

2007 முதல் அந்த வளாகத்தில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டிவியும் செய்யப்படுகின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் பெயரை ஒட்டி அனுப்பும் கைகள், தங்கள் சங்கத்தின் மேல் அதே பெயரை எழுத அனுமதி கேட்டு நின்றன. தான் எழுதிய பாட்டு மேடையேறியபோது வெளியே நின்ற அறிவுக்கு நேர்ந்ததும் இதுதான். பாட்டியின் தலைமுறை தோட்டத்தில் பெயரில்லாமல் உழைத்தது. கங்காணியின் பேரேட்டில் அவர்கள் ஒரு எண்ணிக்கை. பேரன்களும் பேத்திகளும் படித்தார்கள், டிப்ளமோ வாங்கினார்கள், ராப் எழுதினார்கள். வேலையை வாங்கிக்கொண்ட உலகம் பெயரைக் கொடுக்கத் தயங்கியது. பெயர் கேட்பதை ஆசை என்றும் தற்பெருமை என்றும் அறிவைச் சாடியவர்கள் அன்று நிறையப் பேர். இந்த நிலத்தின் வரலாற்றை 1891-லிருந்து படித்துவிட்டு யாராலும் அப்படிச் சொல்ல முடியாது.

அறிவு நிறுத்திக்கொள்ளவில்லை. ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி ரெய்டு’ போன்ற வெகுஜனப் பாட்டுகளை எழுதிப் பாடிய கையோடு, ‘அம்பஸா’ என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். 2024-ல் தன் ஆல்பத்தை வெளியிட்டார். அதன் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. இந்த முறை பாட்டியின் பெயரை அட்டையிலேயே அச்சிட்டுவிட்டார். இனி யாரும் அதை எடுக்க முடியாது. சாம்சங் தொழிலாளர்களின் சங்கமும் 2025 ஜனவரி 27 அன்று பதிவானது, அவர்கள் கேட்ட பெயரிலேயே.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வல்லம், ஒரகடம், மாத்தூர், எழிச்சூர் பக்கம் ஆலை வருவதற்கு முன் நாற்று நட்ட பெண்கள் பலர் இன்றும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அவர்களுக்குத் தெரியும். ஷிப்டு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவு செய்யுங்கள். பாட்டை எழுதிவைக்கும்போது, முதல் வரிக்கு மேலே பாடியவரின் பெயரையும் ஊரையும் எழுதுங்கள்.